நேரிலும் ஆன்லைனிலும் ஒரே வகுப்பு: கல்லூரி ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாற்பது பேர் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, இன்னும் பத்துப் பேர் வீட்டிலிருந்து செல்போனில் அதே பாடத்தைக் கேட்கும் ஏற்பாடு கொரோனாவுக்கு முன்பே இருந்தது. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிரையன் பீட்டி 2006 வாக்கிலேயே இப்படி வகுப்பு நடத்தியிருக்கிறார். ஹைஃப்ளெக்ஸ் என்று பெயர். நேரில் வருவதா, ஆன்லைனில் சேருவதா என்பதை மாணவரே முடிவு செய்யலாம். எந்த வழியில் வந்தாலும் கற்பதில் குறை இருக்கக் கூடாது. அதன் அடிப்படைக் கொள்கைகளில் இவை இரண்டும் முக்கியமானவை. 2020-இல் கல்லூரிகள் அவசரமாக இதைக் கையிலெடுத்தபோது பல இடங்களில் இரண்டாவது விஷயம் விடுபட்டுப் போனது.

கேமராவை வைத்து லிங்க்கை அனுப்பிவிட்டால் போதும், வகுப்பு இரண்டு பக்கமும் நடந்துவிடும் என்ற நினைப்புதான் மற்ற தவறுகளுக்கெல்லாம் வேர். வீட்டிலிருப்பவருக்கு என்ன கேட்கும், என்ன தெரியும் என்று பார்த்துப் பாடத்தைத் திட்டமிட்டால் வகுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வகுப்பறையை மட்டும் மனதில் வைத்துத் திட்டமிட்டால் வீட்டிலிருப்பவர் வெறுமனே வேடிக்கை பார்ப்பவராகிவிடுகிறார்.

ஒலியைக் கவனிக்காமல் விடுவது

பணம் ஒதுக்கினால் முதலில் கேமராதான் வாங்குகிறார்கள். படம் கொஞ்சம் மங்கினாலும் பாடம் புரியும். குரல் விட்டுவிட்டு வந்தால் ஐந்து நிமிடத்தில் மாணவரின் கவனம் போய்விடும். லேப்டாப்பில் இருக்கும் மைக், எதிரே உட்கார்ந்து பேசுபவருக்காக உள்ளது. ஆசிரியர் எழுந்து போர்டு பக்கம் போனதும் நிலைமை மாறிவிடுகிறது. தூரம் இரண்டு மடங்கானால் மைக்குக்கு நேரே வந்துசேரும் குரல் 6 டெசிபல் குறையும். ஃபேன் சத்தமும் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் அப்படிக் குறைவதில்லை. அதனால் வீட்டில் கேட்பவருக்குக் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல இருக்கும். சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு வயர்லெஸ் காலர் மைக் இதைத் தீர்த்துவிடும். என்னைக் கேட்டால் கேமராவுக்கு முன்னால் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

ஆனால் காலர் மைக்கால் தீராத சிக்கல் ஒன்று உண்டு. மின்சுற்று வகுப்பு நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிர்ச்சாஃப் விதியை வைத்து ஆசிரியர் ஒரு சமன்பாடு எழுதுகிறார். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி, “இந்த ரெசிஸ்டருக்கு மட்டும் ஏன் சார் மைனஸ்?” என்கிறாள். “கரண்ட் போற திசையிலதானே நாமளும் போறோம், அதனால வோல்டேஜ் குறையுதும்மா” என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த வரிக்குப் போகிறார். வீட்டிலிருப்பவருக்குக் கேட்டது பதில் மட்டும்தான். எந்த ரெசிஸ்டர், என்ன சந்தேகம் என்று ஒன்றும் தெரியாது. பதில் சொல்வதற்கு முன் “இரண்டாவது ரெசிஸ்டருக்கு ஏன் மைனஸ் என்று கேட்கிறார்” என்று கேள்வியைத் திருப்பிச் சொல்லுங்கள். சில விநாடி வேலை. கடைசி பெஞ்சில் இருப்பவர்களுக்கும் அது உதவும், ஏனென்றால் முன்னால் கேட்ட கேள்வி அவர்களுக்கும் பெரும்பாலும் எட்டியிருக்காது.

அப்புறம், ஒரே அறையில் இரண்டு கருவிகளில் மைக்கும் ஸ்பீக்கரும் திறந்திருந்தால் ஒன்றின் ஒலி மற்றதில் புகுந்து ஊளையிடும். வகுப்பில் இருக்கும் மாணவர்கள் போனில் அதே மீட்டிங்கில் சேர்ந்தால் மைக், ஸ்பீக்கர் இரண்டையும் அணைத்திருக்க வேண்டும்.

“புரியுதா?” என்று பொதுவாகக் கேட்பது

முன்வரிசை உடனே “புரியுது சார்” என்று சொல்லும். ஆசிரியரும் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார். நேரில் பேசும்போது ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தொடங்க ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆகிறது. ஆன்லைனில் இருப்பவருக்கோ குரல் வந்துசேரவே சற்றுத் தாமதம். பிறகு மியூட்டை எடுக்க வேண்டும், வீட்டில் டிவி சத்தம் இருந்தால் குறைக்கச் சொல்ல வேண்டும். அவர் வாயைத் திறப்பதற்குள் பேச்சு எங்கோ போயிருக்கும். இப்படி நாலைந்து தடவை ஆனபின் அவர் முயற்சி செய்வதையே விட்டுவிடுவார். அதைப் பார்த்து “ஆன்லைன் பசங்களுக்கு ஆர்வமே இல்லை” என்று ஸ்டாஃப் ரூமில் சொல்வது அநியாயம்.

முதல் கேள்வியை ஆன்லைனில் இருப்பவரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்டபின் பத்து விநாடியாவது காத்திருங்கள். அந்த மௌனம் ஆசிரியருக்குச் சங்கடமாக இருக்கும், பரவாயில்லை. இன்னொரு வழி, எல்லோரும் விடையை எழுதச் சொல்வது: வகுப்பில் நோட்டில், ஆன்லைனில் சாட்டில். சாட்டை ஆசிரியரே பார்த்துக்கொண்டு பாடமும் நடத்துவது முடியாத காரியம். முன்பெஞ்சில் ஒரு மாணவரை அதற்கென்று உட்காரவைத்து, “சார், சாட்ல ஒரு டவுட்” என்று இடைமறிக்கும் உரிமையையும் கொடுத்துவிடுங்கள். வாரம் ஒருவர் என்று மாற்றிக்கொள்ளலாம். தினமும் ஒருவரே செய்தால் அவருடைய படிப்பு கெடும்.

போர்டும் கேமராவும்

போர்டில் எழுதுவதைக் கேமரா காட்டும் என்று நம்ப வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் பளபளக்கும், ஆசிரியரின் முதுகு மறைக்கும், ஆறு அங்குலத் திரையில் எழுத்து எறும்பாகத் தெரியும். ஒரு ஸ்டாண்டில் செல்போனைக் குப்புற மாட்டி, கீழே வெள்ளைத் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, அதையே ப்ரொஜெக்டரிலும் போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றையே பார்ப்பார்கள். சாக்பீஸ்தான் கைக்கு வருகிறது என்பவர்கள், அழிப்பதற்கு முன் போர்டைப் படமெடுத்து வகுப்புக் குழுவில் போடுவதையாவது வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

கேமராவை ஆன் செய்யாவிட்டால் அட்டெண்டன்ஸ் இல்லை என்று மிரட்டுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பலர் சேரும் வீடியோ மீட்டிங் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 800 எம்பியிலிருந்து 2 ஜிபிக்கும் மேல் வரை இழுக்கும். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்ததே நாளுக்கு 2 ஜிபிதான். அது எத்தனை பீரியடுக்குக் காணும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இது போக, ஒற்றை அறை வீட்டில் பின்னால் சமையலும் குழந்தையும் இருக்கும்போது ஒரு பெண் கேமராவை அணைத்து வைப்பதற்குக் காரணம் கேட்கக் கூடாது. அவர் வந்திருக்கிறாரா என்பது சாட்டில் வரும் விடையிலிருந்து தெரிந்துவிடும்.

குழு விவாதத்தில், வகுப்பில் நாலு பேர், ஆன்லைனில் ஒருவர் என்று கலப்பது கேட்க அழகாக இருக்கும். பக்கத்தில் ஐந்து குழுக்கள் பேசும் இரைச்சலில் அந்த ஒருவருக்கு எதுவும் காதில் விழாது. ஹெட்செட் இல்லாவிட்டால் ஆன்லைன் மாணவர்களைத் தனிக் குழுவாகவே பிரிப்பது மேல். இன்டர்னல் தேர்விலும் வீட்டிலிருப்பவரைக் கேமராவால் காவல் காப்பதில் நேரத்தை வீணாக்காமல், புத்தகத்தைப் பார்த்தாலும் யோசித்தால்தான் விடை வரும் என்கிற மாதிரி கேள்விகளை இரு தரப்புக்கும் பொதுவாகக் கொடுக்கலாம்.

கடைசித் தவறு நிர்வாகத்தினுடையது. இந்த வகுப்புக்குத் தாள், ஸ்லைடு, சாட் கேள்வி, ரெக்கார்டிங் என்று தயாரிப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பணிச்சுமைக் கணக்கில் ஒரு பீரியட் என்றே எழுதினால் ஆசிரியர் எங்கேயாவது கையைச் சுருக்கத்தான் செய்வார், அது பெரும்பாலும் ஆன்லைன் பக்கமாகவே இருக்கும். மைக் வாங்க ஒதுக்கும் பணத்தோடு, தயாரிப்புக்கு வாரத்தில் சில பீரியடுகளையும் டைம் டேபிளிலேயே ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். செமஸ்டர் தொடங்குவதற்கு முன்பே துறைத்தலைவரிடம் இதை எழுதிக் கேளுங்கள்.