படுக்கையறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: வெப்பத்தையும் ஈரத்தையும் மறந்துவிடாதீர்கள்

புது வீட்டில் படுக்கையறைக்கென்று ஒதுக்கும் பணத்தில் பெரும்பங்கு கட்டிலின் தலைப்பலகைக்கும், அலமாரிக் கதவுகளின் பளபளப்புக்கும், மேற்கூரை விளக்குகளுக்கும் போய்விடுகிறது. இவை பகலில் வந்து பார்ப்பவர் கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் தமிழ்நாட்டில் ஓர் அறையில் இரவு நிம்மதியாகத் தூங்க முடியுமா என்பதைத் தீர்மானிப்பவை சித்திரை வைகாசியின் வெப்பமும் ஐப்பசி கார்த்திகையின் ஈரமும்தான். வெயில் எந்தச் சுவரில் விழுகிறது, மழை எந்தச் சுவரில் அடிக்கிறது என்று பார்க்காமல் கட்டிலையும் அலமாரியையும் முதலில் வாங்கிவிடுவதிலிருந்தே மற்றப் பிழைகளில் பாதிக்கு மேல் பிறக்கின்றன.

நம் ஊரில் பெரியவர்களின் படுக்கையறையைக் கன்னி மூலையில், அதாவது வீட்டின் தென்மேற்கில், அமைப்பது பரவலான வழக்கம். அந்த நம்பிக்கையைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வீட்டிலேயே பிற்பகல் வெயிலை அதிகமாக வாங்கும் அறை அதுதான் என்பதை அறிந்து அதற்கேற்ற ஏற்பாட்டைச் செய்யாமல் விடுவது பெருந்தவறு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் வெளிப்பக்கம் ஏறும் வெப்பம் உட்பக்கத்துக்கு வந்து சேர ஏறத்தாழ 6 முதல் 8 மணி நேரம் ஆகிறது. பிற்பகல் மூன்று மணிக்கு மேற்குச் சுவரில் விழுந்த வெயிலின் சூடு, நாம் படுக்கப் போகும் பத்து மணி வாக்கில் அறைக்குள் வெளிப்படுவது இதனால்தான். அந்தச் சுவரை ஒட்டித் தலைமாட்டை வைத்துவிட்டு, மின்விசிறி அனல் காற்றை வீசுகிறது என்று குறைப்பட்டுக்கொள்வதில் பயனில்லை. தலைமாட்டைக் கிழக்கு அல்லது தெற்குச் சுவருக்கு மாற்றி, மேற்குச் சுவரோரம் பீரோவையோ அலமாரியையோ நிறுத்தினால், துணி நிறைந்த அலமாரியே ஓரளவு வெப்பத்தைத் தடுத்துவிடும்.

மேற்கு ஜன்னலுக்குக் கனத்த திரைச்சீலை போட்டால் போதும் என்று நினைப்பதும் சரியன்று. வெயில் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்த பிறகு திரை வெளிச்சத்தைத்தான் மறைக்கிறது; வெப்பத்தில் பெரும்பகுதி அறையிலேயே தங்கிவிடுகிறது. ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டியோ, சற்று நீண்ட சன்ஷேடோ, ஒரு கொடிப்பந்தலோ இருந்தால் வெயில் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே தடுக்கப்படும். வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளிப்பது மதுரை, திருச்சி, வேலூர் போன்ற உள்மாவட்டங்களின் வறண்ட கோடையில் நல்ல பலன் தரும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால் அது புழுக்கத்தைக் கூட்டுவதோடு சரி.

மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் சுவரைவிடக் கூரைத் தளமே முதன்மையான வெப்ப வழி. பகல் முழுவதும் காய்ந்த கான்கிரீட் தளம் நள்ளிரவு வரை சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். இதைக் கவனிக்காமல் ஒன்றரை டன் ஏசியை மாட்டி மின்கட்டணத்தைக் கூட்டிக்கொள்வதைவிட, தளத்தின் மேல் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சோ அடிப்பதை முதலில் செய்ய வேண்டும். அறையின் உள்ளே போடும் ஃபால்ஸ் சீலிங்கும் சிறிது உதவும். ஆனால் வெப்பத்தைத் தளத்துக்கு மேலேயே நிறுத்துவதற்கு அது ஈடாகாது.

ஏசியைப் பொறுத்தவரை, அறை விரைவில் குளிரட்டும் என்று 18 பாகையில் வைப்பது மிகப் பரவலான பழக்கம். அப்படி வைத்தால் எந்திரம் நீண்ட நேரம் ஓடுமே தவிர, தொடக்கத்தில் அறை வேகமாகக் குளிராது. இந்தியாவில் 2020ஆம் ஆண்டு முதல் நட்சத்திர முத்திரை பெற்ற அறை ஏசிகள், இயக்கியதும் 24 பாகையில் தொடங்கும்படி விதி செய்யப்பட்டிருக்கிறது. 26 பாகையில் வைத்து மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டால், உடலுக்கு அதைவிடக் குறைந்த வெப்பநிலையில் இருப்பது போன்ற இதம் கிடைக்கும். குளிர்காற்று நேரே முகத்திலோ மார்பிலோ விழும்படி கட்டிலுக்கு எதிரே ஏசியை மாட்டிவிட்டால் பிறகு திருத்துவது கடினம் என்பதால், கட்டிலின் இடத்தை முடிவு செய்த பிறகே அதற்கான துளையைச் சுவரில் போடச் சொல்லுங்கள். மின்விசிறிக்கும் இதே கவனம் வேண்டும். அது அறையின் நடுவில் அல்லாமல் கட்டிலின் நடுவுக்கு மேலே அமைவது நல்லது. அதன் இறக்கைகளுக்கு மேலே விளக்கு இருந்தால் நிழல் சுழன்று கண்ணை வருத்தும்.

அடுத்த தவறு அளவில் நேர்கிறது. அடுக்குமாடி வீடுகளின் படுக்கையறை பலவும் பத்தடிக்குப் பதினோரடி என்ற அளவில்தான் இருக்கின்றன. ஆறடி அகல மெத்தைக்கான கட்டில் சட்டத்தோடு சேர்த்து ஆறரை அடியை எடுத்துக்கொள்ளும். அலமாரியின் ஆழம் இரண்டடி. பத்தடியில் மிஞ்சுவது ஒன்றரை அடி மட்டுமே. அதில் அலமாரிக் கதவையும் திறக்க முடியாது, ஒருவர் ஒதுங்கி நடக்கவும் முடியாது. கடையின் அகன்ற தளத்தில் சிறியதாகத் தெரியும் கட்டில், வீட்டுக்கு வந்ததும் அறையை அடைத்துவிடுகிறது. வாங்குவதற்கு முன் தரையில் சாக்கட்டியால் கட்டிலின் அளவைக் கோடிட்டு, அலமாரியைத் திறப்பது போலவும் ஜன்னலை அடைப்பது போலவும் நடந்து பார்த்துவிடுங்கள். இருவருக்கு ஐந்தடி அகலம் போதுமானது. குழந்தையும் உடன் படுப்பதாக இருந்தால், கட்டிலைப் பெரிதாக்குவதைவிடப் பக்கத்தில் தரையில் ஒரு மெத்தை விரிப்பது இடத்துக்கு நல்லது. கோடையில் பத்தமடைக் கோரைப்பாயின் குளிர்ச்சியை விரும்புபவர்களுக்கும் அந்த வெற்றுத்தரை பயன்படும்.

மெத்தை வாங்கி வந்ததும் அழுக்குப்படாமல் இருக்கட்டும் என்று, அது வந்த பாலித்தீன் உறையைப் பிரிக்காமலேயே மேலே விரிப்பைப் போட்டுப் படுக்கும் வீடுகள் நிறைய உண்டு. ஒவ்வோர் இரவும் உடலிலிருந்து வெளியேறும் வியர்வை அந்த உறையில் தங்கிப் படுப்பவருக்குப் புழுக்கத்தைக் கொடுக்கிறது. மெத்தைக்கும் உறைக்கும் இடையில் ஈரம் தேங்கினால் பூஞ்சையும் பிடிக்கிறது. உறையைக் கழற்றிவிட்டு, துவைக்கக்கூடிய பருத்தி உறை ஒன்றைப் போடுவதே சரி. காலையில் எழுந்த உடனே போர்வையை மடித்துக் கட்டிலை மூடிவிடாமல், ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் மெத்தைக்குக் காற்றுப்பட விடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

மெத்தையை வெயிலில் காயவைப்பது நம் வீடுகளின் பழைய நல்ல வழக்கம். ஆனால் அதை எல்லா மெத்தைக்கும் செய்யக்கூடாது. தேனி, போடிப் பகுதியிலிருந்து வரும் இலவம்பஞ்சு மெத்தைக்கும் தலையணைக்கும் வெயில் தேவை. காய்ந்தபின் தட்டிவிட்டால் கட்டிப்பட்ட பஞ்சு பிரிந்து உப்பும். தென்னை நார் மெத்தையும் வெயிலைத் தாங்கும். லேடெக்ஸ் மெத்தையை நேர்வெயிலில் போட்டால் ரப்பர் வெடித்துத் தூளாகத் தொடங்கிவிடும். ஃபோம் வகைகளும் நாளடைவில் கெடும். அவற்றை நிழலில், காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வைத்தாலே போதுமானது. தும்மலும் மூச்சிரைப்பும் உள்ளவர்கள் வீட்டில், விரிப்பையும் தலையணை உறையையும் வாரந்தோறும் 60 பாகை வெந்நீரில் துவைத்தால் தூசிப்பூச்சிகள் மடியும். வெறும் குளிர்ந்த நீரில் துவைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

மழைக்காலத்துக்கென்று தனித் தவறுகள் உள்ளன. வடகிழக்குப் பருவமழையில் வடக்கு, கிழக்குச் சுவர்கள்தாம் பெரும்பாலும் நனைகின்றன. அந்தச் சுவரோடு அலமாரியை ஒட்டிவைத்தால் பின்பலகையில் பூசணம் பூத்து, கார்த்திகை முடியும்போது பட்டுப்புடவையில் வெள்ளைப் புள்ளிகளாக வந்து நிற்கும். அதைவிட மோசமானது, குளியலறைச் சுவரின் மறுபக்கத்தில் அலமாரியைப் பதிப்பது. குழாய்க் கசிவு வெளியே தெரியுமுன் பிளைவுட் உப்பிக் கறையான் ஏறிவிடும். வேறு இடமே இல்லையென்றால், ஐஎஸ் 710 முத்திரையுள்ள, ஈரத்தைத் தாங்கும் மரைன் பிளைவுட்டைக் கேட்டு வாங்கி, சுவருக்கும் பலகைக்கும் இடையே மூன்று அங்குலமாவது விடுங்கள். வெளியே துணி காயாத நாட்களில் படுக்கையறைக்குள் கொடி கட்டி ஈரத்துணியை உலர்த்துவதையும் அறவே தவிர்க்க வேண்டும், ஏனெனில் ஒரு வாளித் துணியின் நீர் முழுவதும் அந்த அறைக் காற்றிலும் மெத்தையிலும்தான் போய்ச் சேரும்.

பூச்சி வராமலிருக்கப் பீரோவில் அந்துருண்டை போடுபவர்கள், பச்சிளங்குழந்தையின் துணிகளை அதிலிருந்து அப்பாற்படுத்தியாக வேண்டும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அதனால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும் ஆபத்து உண்டு. வசம்பும் உலர்ந்த வேப்பிலையும் பாதுகாப்பான மாற்று. கொசுவர்த்திச் சுருளைக் கதவடைத்த அறைக்குள் இரவு முழுவதும் எரியவிடுவது அதே அளவு கவலைக்குரியது. அதன் புகையை வீட்டிலுள்ள அனைவரும் எட்டு மணி நேரம் சுவாசிக்கிறார்கள். ஜன்னலுக்கு வலையடித்து, பொழுது சாயும் நேரத்தில் மட்டும் கதவுகளை அடைத்து, கட்டிலுக்குக் கொசுவலை கட்டினால் சுருளுக்குத் தேவையே இருக்காது. வலையில் தூசி அடைத்தால் காற்று வராது என்பதால் மாதம் ஒருமுறை அதைக் கழுவ வேண்டும்.

விளக்கில் நாம் காட்டும் அசட்டை எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. கூடத்துக்கும் சமையலறைக்கும் வாங்கிய அதே 6500 கெல்வின் (கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வெள்ளை டியூப்லைட்டையே படுக்கையறையிலும் மாட்டி, அதன் கீழ் பத்து மணி வரை அமர்ந்திருந்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்கிறோம். நீலம் மிகுந்த அந்த ஒளி, தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பைத் தாமதப்படுத்துகிறது. 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சள் விளக்கு ஒன்றைத் தலைமாட்டருகே, படிப்பவருக்கு மட்டும் வெளிச்சம் விழும்படி வைத்தால் பக்கத்தில் உறங்குபவருக்கும் தொந்தரவில்லை. வாசலிலும் தலைமாட்டிலும் ஒரே விளக்கை இயக்கும் இருவழி சுவிட்சுக்கு, வயரிங் நடக்கும்போதே எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட வேண்டும். வீட்டில் முதியவர்கள் இருந்தால் மெத்தையோடு சேர்த்துக் கட்டிலின் உயரம் 18 முதல் 20 அங்குலம் இருக்கட்டும். கால் தரையில் பதிந்தால்தான் முட்டிவலிக்காரர் சிரமமின்றி எழ முடியும். கட்டிலிலிருந்து கழிவறைக் கதவு வரையிலான வழியில் மிதியடி விரிப்பு, டேபிள் ஃபேன் வயர், நாற்காலி எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, முழங்கால் உயரத்தில் ஒரு சிறு இரவு விளக்கை எரியவிடுங்கள்.