70 வயது தாண்டியவர்களுக்கு ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை: முதலில் ஆதாரைப் பாருங்கள்

வீட்டில் 70 வயது நிறைந்தவர் இருந்தால், மருத்துவமனையில் இலவச சிகிச்சை தரும் மத்திய அரசின் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையை உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். அதற்கு முன் ஆதாரில் இரண்டைச் சரிபாருங்கள்: பிறந்த தேதி, கைபேசி எண்.

வயதை ஆதாரை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள், பள்ளிச் சான்றிதழை வைத்து அல்ல. ஓடிபி ஆதாரில் உள்ள எண்ணுக்கே வரும். அது பழைய எண்ணாக இருந்தால் பதிவு அங்கேயே நின்றுவிடும். காலமெல்லாம் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்த கைகளில் ரேகை மங்கியிருக்கும், இயந்திரம் எளிதில் ஏற்காது. அப்போது ஆயுஷ்மான் செயலியில் முகத்தைக் காட்டிப் பதியலாம். அட்டை இருந்தால் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. வருமான வரம்பு கிடையாது. சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற பழைய நோய்களுக்கும் காத்திருப்புக் காலம் இல்லை, பெரியவர்களுக்கு இதுதான் பெரிய விஷயம். தனியார் காப்பீடு, இஎஸ்ஐ இருந்தாலும் தகுதி உண்டு. குடும்பத்துக்கு ஏற்கெனவே ஆயுஷ்மான் அட்டை இருந்தாலும் பெரியவருக்கு மறுபடி பதிய வேண்டும். அவருக்கு வரும் 5 லட்சம் தனி. கணவன், மனைவி இருவரும் 70 கடந்தவர்கள் என்றால் அந்தத் தொகை இருவருக்கும் பொது.

வெளிநோயாளியாகப் பார்க்கும் செலவுக்கும் மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கும் இது உதவாது, மருத்துவமனையில் சேர்ந்தால்தான். திட்டத்தில் இணைந்த மருத்துவமனையாகவும் இருக்க வேண்டும், 14555 என்ற உதவி எண்ணில் கேட்டுக்கொள்ளலாம். சிஜிஎச்எஸ் (மத்திய அரசு ஊழியர், ஓய்வூதியர் மருத்துவத் திட்டம்), இசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) வைத்திருப்பவர்கள் அது அல்லது இந்த அட்டை, இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். இந்த அட்டை மாத்திரைக்கு உதவாது என்பதால், மருந்துச் செலவு அதிகமுள்ளவர்கள் அவசரப்பட்டு மாறிவிடாதீர்கள்.