நெட் போனால் நாம் செய்யும் தவறுகள்

ஓர் ஊரில் கலவரம் என்றதும் சில மணி நேரத்தில் செல்போனில் நெட்டை அரசு நிறுத்திவிடுகிறது. "வதந்தி பரவக்கூடாதுன்னுதானே, நல்லதுதான்" என்று விட்டுவிடுகிறோம். முதல் தவறு அதுதான். வதந்தி வாய்வழியாகவே ஊரைச் சுற்றிவிடும். அதைப் பொய் என்று காட்டும் செய்திதான் வெளியே வர முடியாமல் கிடக்கும். 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் செல்போன், லேண்ட்லைன், இணையம் மூன்றையும் சேர்த்து அடைத்தார்கள். அரசு திறந்த ஊடக மையத்தில் இருந்த சில கணினிகளுக்காக ஸ்ரீநகர் நிருபர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். தகவல் கொடுத்தவரின் பெயரை அங்கே உட்கார்ந்து எப்படிக் காப்பாற்றுவது?

இதைவிடப் பெரிய தவறு, முடக்க உத்தரவு எங்கே என்று யாரும் கேட்காதது. இந்தியாவில் தொலைத்தொடர்பை நிறுத்துவதற்கான 2017 விதிகளின்படியும், அவற்றுக்குப் பதிலாக 2024-ல் வந்த விதிகளின்படியும், உள்துறைச் செயலாளர் மட்டத்தில் எழுத்துமூலம், காரணம் சொல்லித்தான் உத்தரவு போட வேண்டும். மறுஆய்வுக் குழு அதைப் பார்க்க வேண்டும். அந்தக் காஷ்மீர் முடக்கத்தை எதிர்த்து காஷ்மீர் டைம்ஸ் நாளிதழின் நிர்வாக ஆசிரியர் அனுராதா பாசின் தொடுத்த வழக்கில், கேட்ட உத்தரவுகளில் சிலதான் நீதிமன்றத்துக்கே வந்து சேர்ந்தன. 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம், காலவரையின்றி முடக்குவது கூடாது, உத்தரவுகளை வெளியிட்டே ஆக வேண்டும் என்றது. நெட்டை உடனே திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். ஆனாலும் நகல் கேட்கும் உரிமை அங்கிருந்து கிடைத்தது. எதிர்த்து வழக்குப் போட அந்தக் காகிதம் வேண்டும். உங்கள் ஊரில் நெட் போனால் உத்தரவின் தேதி, எண், காரணம் என்ன என்று கேளுங்கள். கொடுக்காவிட்டால் அதுவே ஒரு செய்தி. அப்புறம் ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம், இருக்கிறது.

"நெட் வந்துவிட்டது" என்றதும் விஷயம் முடிந்துவிட்டதாக நினைப்பதும் தவறு. அந்த ஜனவரியில் காஷ்மீருக்குத் திரும்ப வந்தது 2ஜி, அதுவும் அரசு அனுமதித்த தளங்களுக்கு மட்டும். பெரும்பாலான மாவட்டங்களுக்கு 4ஜி வர 2021 பிப்ரவரி ஆனது. ஒரு வீடியோ கூட ஏறாத வேகத்தை இணையம் என்று கணக்கில் சேர்க்கக்கூடாது.

விபிஎன் (வேறொரு சர்வர் வழியாகச் சுற்றிப் போய்த் தடையைத் தாண்டும் செயலி) இருக்கிறதே என்பார்கள். 2022 ஏப்ரல் 3 அன்று இலங்கையில் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப் எல்லாம் தடுக்கப்பட்டபோது, அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே விபிஎன் வழியாக வந்து, இந்தத் தடையால் பயனில்லை என்று ட்விட்டரில் எழுதினார். அங்கே அடைத்தது சில தளங்களை மட்டும், அதனால் வேலை செய்தது. 2019 நவம்பரில் ஈரான் செய்ததுபோல வெளியுலகத் தொடர்பையே அறுத்துவிட்டால் விபிஎன்னுக்குப் போக வழியே இருக்காது. தடை வந்த பிறகு அதைத் தரவிறக்கவும் முடியாமல் போகலாம். யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத இலவச விபிஎன்னை நம்புவது இன்னும் ஆபத்து. நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதை அவர்களால் பார்க்க முடியும்.

கடைசியாக, பதிவு செய்யாமல் விடுவது. "அன்னைக்கு நெட் இல்லை" என்பது மட்டும் சாட்சியம் ஆகாது. எந்த நிறுவனத்தின் சிம், எத்தனை மணிக்கு, எந்தத் தளம் என்று எழுதி வையுங்கள். ஒரு தளம் தடுக்கப்படுகிறதா என்று சோதிக்க ஊனி புரோப் என்ற இலவச செயலி இருக்கிறது. முடிவுகளைப் பொதுவெளியில் வெளியிடும் செயலி அது. உங்கள் இடத்தில் அதனால் சிக்கல் வருமா என்று யோசித்துவிட்டு ஓட்டுங்கள்.