சாதாரணக் கண்ணாடியைக் கையால் தேய்த்து மங்கல் கண்ணாடி ஆக்குவது எப்படி?

மங்கல் கண்ணாடி, அதாவது ஃப்ராஸ்டட் கிளாஸ் என்றதும் கண்ணாடிமேல் வெள்ளையாக ஏதோ பூசியிருப்பதாகத் தோன்றும். உண்மையில் அதில் பூச்சு எதுவும் இல்லை. வழவழப்பான மேற்பரப்பு முழுக்க நுண்ணிய குழிகள் விழுந்திருக்கின்றன, அவ்வளவுதான். அவற்றில் படும் ஒளி நாலாபுறமும் சிதறுவதால் வெளிச்சம் வரும், உருவம் தெரியாது. அதன்மேல் ஒரு துளி தண்ணீர் விட்டால் குழிகள் நிரம்பி அந்த இடம் மட்டும் தெளிந்துவிடும். காய்ந்ததும் பழையபடி மங்கும்.

தொழிற்சாலைகளில் அழுத்தக் காற்றோடு அலுமினியம் ஆக்சைடு போன்ற துகள்களைப் பீய்ச்சுவார்கள், அல்லது ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தால் அரிப்பார்கள். அந்த அமிலம் தோலைத் தாண்டி எலும்புவரை போய்ப் பாதிக்கும். வீட்டில் அதைத் தொடவே வேண்டாம். புதிதாகப் பழகுபவருக்கு ஏற்றது பொடியும் தண்ணீரும் வைத்துத் தேய்ப்பதுதான்.

தேவையானவை: 4 மி.மீ. தடிமனில் நோட்டுப் புத்தகத்தின் பாதி அளவுள்ள கண்ணாடி, தேய்ப்பதற்கு 7 செ.மீ. சதுரமான தடித்த கண்ணாடித் துண்டு ஒன்று, 220, 400 எண் சிலிக்கான் கார்பைடு பொடிகள் (எண் கூடினால் பொடி நுண்ணியது), 220 எண் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்). இந்தப் பொடிக்குக் கார்போரண்டம் என்றும் பெயர். அதற்குள் ஒளிந்திருக்கும் ‘கொரண்டம்’ என்ற கனிமப் பெயர் நம் ‘குருந்தம்’ என்ற சொல்லிலிருந்து போனதுதான்.

டஃபன்டு (வலுவூட்டிய) கண்ணாடியை எடுக்காதீர்கள். அதன் மேற்பரப்பு உள்ளழுத்தத்தோடு இருக்கும். ஆழமாகக் கீறினால் முழுதும் நொறுங்கிவிடக்கூடும்.

1. இரண்டு கண்ணாடிகளின் விளிம்பையும் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்து மழுக்குங்கள். சலிப்பான வேலைதான், ஆனாலும் விட்டுவிடாதீர்கள். கூரான விளிம்பிலிருந்து பெயரும் ஒரு சில்லு போதும், பரப்பு முழுக்க நீளக் கீறல் இழுத்துவிடும்.

2. சமமான மேசையில் ஈரத்துண்டை விரித்து அதன்மேல் பெரிய கண்ணாடியை வையுங்கள். நழுவாது. அடியில் மேடுபள்ளம் இருந்தால் அழுத்தும்போது உடையும்.

3. நடுவில் அரைத் தேக்கரண்டி 220 பொடி, ஒரு தேக்கரண்டி தண்ணீர். சிறு கண்ணாடியை அதன்மேல் வைத்து, லேசாக அழுத்தி, எட்டு வடிவில் தேய்த்துக்கொண்டே மூலைகள்வரை போய்த் திரும்புங்கள்.

இங்கே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். முதலில் நறநறவென்று சத்தம் வரும். இரண்டு மூன்று நிமிடத்தில் அது அடங்கினால், பொடி உடைந்து மழுங்கிவிட்டது என்று பொருள். அதற்குமேல் எவ்வளவு தேய்த்தாலும் பயன் குறைவு; வழித்தெடுத்துப் புதுப் பொடி போடுங்கள். கண்ணாடிகள் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டால் தண்ணீர் போதவில்லை. பிய்த்து இழுக்காமல், ஓரத்தில் சில துளி விட்டுப் பக்கவாட்டில் நகர்த்துங்கள்.

4. நான்கைந்து முறை ஆனதும் கழுவி, நன்றாக உலர்த்தி, விளக்குக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். ஈரத்தில் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், ஈரம் குழிகளை மறைத்துவிடும். மினுங்கும் புள்ளி ஒன்றுகூட இல்லாமல் போகும்வரை 220-ஐ விடாதீர்கள். அடுத்த பொடி நுண்ணியது, விட்டுப்போன இடத்தைப் பிடிக்க அதற்கு நேரமாகும். பெரும்பாலும் மூலைகள்தான் விட்டுப்போகும், ஏனென்றால் கை தானாகவே நடுவில் சுற்றும்.

5. 400-க்கு மாறும்முன் கண்ணாடி, மேசை, துண்டு, கை, நகக்கண் எல்லாவற்றையும் கழுவுங்கள். தங்கிப்போன ஒரே ஒரு 220 துகள் போதும், புதுக் கீறல் விழ. பிறகு அதே முறையில் மூன்று நான்கு தடவை தேய்த்தால் பட்டுப்போல் மென்மையான மங்கல் வரும்.

எந்தக் கட்டத்திலும் உலர்ந்து தேய்க்காதீர்கள். தூசி நுரையீரலுக்குக் கெடுதல். தேய்த்த குழம்பைச் சாக்கடையில் ஊற்றினால் அடியில் கல்லாக இறுகிக் குழாயை அடைக்கும். வாளியில் தெளியவிட்டு வண்டலைக் குப்பையில் போடுங்கள்.

குளியலறைக்கு வைப்பதானால் தேய்த்த பக்கம் தண்ணீர் படாத புறமாக இருக்கட்டும். கைரேகையின் எண்ணெய்ப் பசையும் குழிகளை நிரப்பிக் கறைபோல் தெரியும். பாத்திரம் கழுவும் சோப்பு அதைப் போக்கிவிடும்.