தசையின் இழைமணிகள் பெருகப் பயிற்சியை அமைத்துக்கொள்வது எப்படி?

கொழும்பில் வெள்ளவத்தைக் கடலோர வீதியிலோ காலிமுகத்திடலிலோ தவறாது விரைந்து நடப்பவருக்குச் சில வாரங்களில் மூச்சிரைப்புக் குறைவதற்கு இதயம் வலுப்பெறுவது மட்டுமே காரணமன்று. தசைக் கலங்களுக்குச் சக்தி வழங்கும் இழைமணிகளும் பெருகுகின்றன. 1967இல் ஜோன் ஹொலோசி என்ற ஆய்வாளர் எலிகளை ஓடப் பழக்கி, அவற்றின் தசை இழைமணிகள் ஒட்சிசனைப் பயன்படுத்தும் ஆற்றல் ஏறத்தாழ இருமடங்காவதைக் காட்டினார். இம்மாற்றத்தை நடத்துபவை சில சமிக்ஞைப் புரதங்கள். அவற்றைத் தூண்டும் வகையில் பயிற்சி அமைய வேண்டும்.

முதலில் கவனிக்க வேண்டியது வேகம். தசை கடுமையாக உழைத்து, சக்தியைத் தாங்கும் மூலக்கூறான ஏ.டி.பி. செலவாகும்போது, அதன் எச்சமான ஏ.எம்.பி. கலத்தில் கூடுகிறது, அதை உணர்ந்து ஏ.எம்.பி.கே. என்ற நொதியம் விழித்துக்கொள்கிறது. தசை சுருங்குவதற்காக வெளியேறும் கல்சியமும் வேறு சில நொதியங்களைத் தூண்டுகிறது. இவை யாவும் பி.ஜி.சி.-1 அல்பா என்ற புரதத்திடம் வந்து சேர, அது கலத்தின் கருவிலுள்ள பரம்பரை அலகுகளை இயக்கி இழைமணிக்கு வேண்டிய புரதங்களை ஆக்குவிக்கிறது. இழைமணியின் சொந்த டி.என்.ஏ. 13 புரதங்களுக்கே குறியீடு தருவதால், ஏனைய அனைத்துக்கும் அது கருவையே நம்பியிருக்கிறது. ஆகவே, கதை பேசிக்கொண்டு உலாவுவது போதாது. சிறு வாக்கியங்கள் பேச முடிந்து, பாட முடியாத அளவு வேகத்தில் 30 நிமிடங்களாவது நடக்க வேண்டும். பழகியவர்கள் 4 நிமிடம் கடுமையாகவும் 3 நிமிடம் மெதுவாகவும் மாறிமாறி நான்கு முறை ஓடலாம்.

அடுத்தது, நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் ஒழுங்கு. ஒரு பயிற்சி எழுப்பும் சமிக்ஞை சில மணிநேரம் உயர்ந்து, ஏறத்தாழ ஒரு நாளுக்குள் தணிந்துவிடும். மீண்டும் மீண்டும் எழுந்தால்தான் புதிய புரதங்கள் சேரும். பயிற்சியை நிறுத்தினால் சில வாரங்களிலேயே ஈட்டியதில் பெரும்பகுதி கரையும். ஞாயிறன்று மட்டும் களைத்து விழுவதைவிட வாரத்தில் ஐந்து நாள் மிதமாக உழைப்பது மேல்.

கொழும்பின் ஈரப்பதத்தில் வியர்வை எளிதில் ஆவியாகாது. நாடித்துடிப்பு வெப்பத்தாலேயே உயரும். எனவே விடியற்காலையில் புறப்பட்டு, கைக்கடிகாரம் காட்டும் வேகத்தைவிட மூச்சை அளவாகக் கொள்ளுங்கள்.

விற்றமின் மாத்திரைகளை நாள்தோறும் பெருமளவில் விழுங்குவது நன்றன்று. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், தினமும் 1000 மில்லிகிராம் விற்றமின் சி-யும் 400 அலகு விற்றமின் ஈ-யும் எடுத்தவர்களிடம், பயிற்சியால் இன்சுலின் உணர்திறன், அதாவது இன்சுலினுக்கு உடல் இணங்கும் திறன், மேம்படுவது தடைப்பட்டது. இவ்விற்றமின்கள் தணிக்கும் தனி மூலிகங்கள், அதாவது உழைக்கும் தசையில் உருவாகும் எளிதில் வினைபுரியும் மூலக்கூறுகள், தாமும் சமிக்ஞைகளே. பழங்களைத் தவிர்க்க வேண்டியதில்லை.

காலை உணவுக்கு முன் நடப்பது, தசை சேமித்து வைக்கும் மாப்பொருளான கிளைக்கோசன் குறைந்திருந்தால் ஏ.எம்.பி.கே.யின் தூண்டலை வலுப்படுத்தக்கூடும். ஆயினும் இன்சுலினோ கிளிக்லசைட் போன்ற மாத்திரைகளோ எடுக்கும் நீரிழிவு நோயாளர், மருத்துவரைக் கேளாமல் வெறும் வயிற்றில் புறப்படலாகாது. குருதியில் குளுக்கோசு ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம்.