ஐஸ் டான்ஸ் ஜோடி ஒன்றைப் பல வருடம் தொடர்ந்து பார்ப்பது எப்படி

நான் வேலூர் சத்துவாச்சாரியில் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கிறேன். மே மாதத்தில் மொட்டை மாடியில் வெறுங்காலை வைக்க முடியாத ஊர் இது. பனித்தளத்தில் பிளேடு வைத்த ஷூ போட்டு இருவர் ஜோடியாக ஆடுகிற ஐஸ் டான்ஸ் இங்கே எதற்கு என்று பெற்றோர் கேட்பார்கள். ஆனாலும் கொஞ்சம் வளர்ந்த மாணவிகளுக்கு இதை நான் கட்டாயம் போட்டுக் காட்டுவேன். ஒரு ஜோடி சிறு வயதில் சேர்ந்து, போட்டிகளில் ஆடி முதிர்ந்து, விலகும் வரை அத்தனையும் வீடியோவாக இருக்கிறது. ஒரு கலைஞரின் வளர்ச்சியை இப்படி வருடவாரியாகப் பார்க்கும் வாய்ப்பு நம் கலையில்கூட அபூர்வம்.

முதலில் யாரைப் பார்ப்பது? கனடாவின் டெஸ்ஸா வர்ச்சூ - ஸ்காட் மொயர், அமெரிக்காவின் மெரில் டேவிஸ் - சார்லி வைட். இரண்டு ஜோடியும் 1997-ல் சேர்ந்தவை. ரொம்ப வருடம் அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரே ரிங்க்கில், அதாவது ஒரே பனித்தளத்தில், ஒரே பயிற்சியாளர்களிடம் பழகினார்கள். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் வர்ச்சூ - மொயருக்குத் தங்கம், டேவிஸ் - வைட்டுக்கு வெள்ளி. 2014 சோச்சியில் அது அப்படியே மாறியது. அதன் பிறகு இரண்டு வருடம் ஒதுங்கியிருந்த வர்ச்சூ - மொயர் 2016-ல் திரும்பி வந்து, 2018-ல் பியோங்சாங்கில் மறுபடி தங்கம் வாங்கினார்கள். நடுவில் டெஸ்ஸாவுக்குக் கீழ்க்கால் வலிக்காக 2008-லும் 2010-லும் அறுவை சிகிச்சை நடந்தது. இதைத் தெரிந்துகொண்டு 2010 தங்க ஆட்டத்தைப் பாருங்கள், அந்தக் கால்கள் வேறு மாதிரி தெரியும்.

பார்க்கும்போது முதல் தடவை முகத்தையும் உடையையும் விட்டுவிடுங்கள். முழங்காலைப் பாருங்கள். ஷூவில் இருக்கும் பிளேடின் அடிப்பக்கம் நடுவில் குழிந்து, உள் ஓரம், வெளி ஓரம் என்று இரண்டாக இருக்கும். நல்ல ஆட்டக்காரர் முழங்காலை மடக்கி, ஒரே ஓரத்தில் சாய்ந்து, ஆழமான வளைவாகப் போவார். அரைமண்டி சரியாக உட்காராத பிள்ளைக்கு அடவில் வேகம் வராது இல்லையா, இங்கேயும் வேகம் முழங்காலிலிருந்துதான் பிறக்கிறது. அப்புறம் இருவருக்கும் இடையே உள்ள தூரம். நெருக்கமாக, வேகம் குறையாமல் ஆடுவதுதான் கஷ்டம். தூரம் அகன்றால் அவர்கள் பத்திரமாக ஆடுகிறார்கள் என்று அர்த்தம்.

ட்விசில் வரும் இடத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஒற்றைக் காலில் நகர்ந்துகொண்டே வேகமாகச் சுழல்வது அது. இருவரும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே தாளத்தில் சுழல வேண்டும். ஒருவர் அரைச் சுற்று பிந்தினாலும் கண்ணில் பட்டுவிடும். ஜோடி ஸ்கேட்டிங் என்று தனியாக ஒரு போட்டி உண்டு, அதில் வரும் பெரிய தாவல்களும் தூக்கி எறிதலும் ஐஸ் டான்ஸில் கிடையாது. ஒருவர் மற்றவரைத் தூக்கிப் பிடிக்கும் சாதாரண லிஃப்ட் 7 விநாடிக்குள் முடிய வேண்டும்.

அடுத்தது மதிப்பெண் தாள். இதை யாரும் படிப்பதில்லை, எனக்கு இதுதான் உயிர். சர்வதேசப் போட்டி முடிந்ததும் ஒவ்வொரு ஜோடிக்கும் விவரமான தாளை இணையத்தில் போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு அசைவுக்கும் தொழில்நுட்பக் குழு ஒரு லெவல் கொடுக்கும், உச்சம் 4. அதை எவ்வளவு நன்றாகச் செய்தார்கள் என்று ஜட்ஜுகள் −5 முதல் +5 வரை போடுவார்கள். 2018 ஒலிம்பிக் தாளில் இது −3 முதல் +3 வரைதான், அடுத்த சீசனில் விதி மாறியது. அந்த 2018 தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். வர்ச்சூ - மொயர் 206.07, பிரான்ஸின் பாபடாகிஸ் - சிஸெரோன் 205.28. போட்டி இரண்டு சுற்று, முதலில் ஷார்ட் டான்ஸ், பிறகு ஃப்ரீ டான்ஸ். ஃப்ரீ டான்ஸில் பிரெஞ்சு ஜோடிக்குத்தான் அதிகம். ஆனால் அதற்கு முன் நடந்த ஷார்ட் டான்ஸில் பாபடாகிஸின் உடைக் கொக்கி கழன்றுவிட்டது. அதோடு ஆடி முடித்து 1.74 புள்ளி பின்தங்கினார்கள். தங்கம் போனது 0.79-ல். உடையைப் பின் குத்தித் தைத்து மேடைக்கு அனுப்புகிற நமக்கு இது நன்றாகப் புரியும். அந்தப் பிரெஞ்சு ஜோடி 2022 பெய்ஜிங்கில் தங்கம் வாங்கியது. இரண்டு ஒலிம்பிக்கையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

டேவிஸ் - வைட் 2009-10 சீசனில் இந்தி சினிமாப் பாட்டுகளுக்கு ஆடியதையும் விடாதீர்கள். அந்த வருடம் ஒரு சுற்றுக்கு எல்லா ஜோடிக்கும் விதித்த தலைப்பு நாட்டுப்புற நடனம்தான். பிளேடு போட்ட காலால் தட்டி ஆட முடியாது. அதனால் தாளத்தைக் கழுத்துக்கும் தோளுக்கும் கைக்கும் மாற்றியிருக்கிறார்கள். முத்திரையில் நான் குறை சொல்வேன், தாளத்தில் சொல்ல மாட்டேன்.

சீசன் கணக்கு எளிது. அக்டோபர், நவம்பரில் கிராண்ட் ப்ரீ என்ற தொடர் போட்டிகள், டிசம்பரில் ஆறு ஜோடிகளுக்கு மட்டும் அதன் இறுதிப் போட்டி, மார்ச்சில் உலகப் போட்டி. ஒரே நடனத்தை அக்டோபரிலும் மார்ச்சிலும் பார்த்து எது மாறியது என்று எழுதி வையுங்கள்.

ஆட்டத்துக்கு வெளியே ஒன்றைக் கவனிக்க வேண்டும், குடியுரிமை. உலகப் போட்டிக்கு ஜோடியில் ஒருவர் அந்த நாட்டுக் குடிமகனாக இருந்தால் போதும், ஒலிம்பிக்குக்கு இருவரும் இருக்க வேண்டும். கனடாவில் பிறந்த டானித் பெல்பின் 2005 கடைசி நாளில்தான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். சில வாரங்களில் தன் ஜோடி பென் அகோஸ்டோவுடன் 2006 டுரின் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கினார்.

உங்கள் பிள்ளையே ஆட வேண்டும் என்றால், நம் ஊரில் கிடைக்கும் ரோலர் ஸ்கேட்டிங்கும் ஏதாவது ஒரு நடனமும் சேர்த்துத் தொடங்குங்கள். ஐஸ் ஓரத்தை ரோலர் சொல்லிக்கொடுக்காது, சமநிலையைச் சொல்லிக்கொடுக்கும். ஐஸுக்குக் காட்பாடியில் ரயிலேறி வடக்கேதான் போக வேண்டும். குருகிராமில் ஒரு மாலுக்குள் ரிங்க் இருக்கிறது, டேராடூனில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்குக் கட்டியது இருக்கிறது. ஜூனியர் சர்வதேசப் போட்டிக்கு 13 வயதும், சீனியருக்கு 2024-25 முதல் 17 வயதும் ஆகியிருக்க வேண்டும். எனவே அவசரம் வேண்டாம். முதல் விடுமுறைக்கு ஒரு வாரம் மட்டும் கூட்டிப் போங்கள். ரிங்க்கில் வாடகை ஸ்கேட்டே போதும், கையுறையும் முழங்கால் மூடும் உடையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் முடிந்து பிள்ளை மறுபடி எப்போது போகலாம் என்று கேட்டால், அப்போது சொந்த ஸ்கேட் வாங்குவதைப் பற்றி யோசியுங்கள்.