720720-ஐப் பிரித்துப் பார்ப்பது எப்படி

பெரிய எண்ணைக் கண்டதும் நான் உடனே 2-ஆல் வகுக்கத் தொடங்க மாட்டேன். முதலில் அதன் உருவத்தைப் பார்ப்பேன். 720720-இல் 720 இரண்டு முறை வருகிறது. மூன்று இலக்கங்கள் அப்படியே திரும்ப வந்தால் அந்த எண் 1001-ஆல் வகுபடும். 1001 என்பது 7 × 11 × 13. எனக்கு மிகவும் பிடித்த பெருக்கல் இது, மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 720, அது 2⁴ × 3² × 5.

அப்புறம் காரணிகளை எண்ணலாம். ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்க வேண்டும்: 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. அந்த 1-ஐ நானும் பல முறை விட்டிருக்கிறேன். 2-இன் அடுக்கு 4 என்றால், 2-ஐ எடுக்காமலே விடுவதும் ஒரு வழிதான்; ஆக 0 முதல் 4 வரை ஐந்து வழிகள்.

சரி, 1 முதல் 16 வரை எல்லா எண்களாலும் இது வகுபடுமா? வகுபடும். 16-க்கு 2⁴ வேண்டும், 9-க்கு 3² வேண்டும். 5, 7, 11, 13 ஒவ்வொன்று போதும். இதில் எதைக் குறைத்தாலும் ஏதாவது ஓர் எண் விட்டுப்போகும். அதனால் அந்தப் பதினாறுக்கும் மீச்சிறு பொது மடங்கு இதுவே. 17-ஆல் வகுத்தால் மட்டும் மீதி 5 வரும்.